ஒடிக்க ஒடிக்கத் தழைத்த பல்

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் அய்யாதுரையின் கீழ்த்தாடையில் 1995 ஆடித் தள்ளுபடி சமயத்தில் முருங்கை முளைத்தது. முந்தின வருஷம் மயிலாப்பூர் பல் டாக்டர் நீரஜா எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கி வைத்த பல்லின் ஓரத்தில்தான் முளைத்தது. சொந்தப் பல்லில் முளைத்திருந்தால் யாரும் டாக்டரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீரஜா அந்த வித்தையை ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த பயிற்சியில் கற்றவள். எலும்பில் துளை போடுவதையே நாள்முழுக்கச் சொன்னார்கள். வைத்த பல்லைப் பராமரிக்கும் பாடம் கடைசி நாள் மத்தியானம் என்றிருந்தது. அதற்குள் சர்டிபிகேட்டும் குரூப் போட்டோவும் வந்துவிட்டன. ஆகவே தெரிந்ததைச் செய்தாள். சொந்தப் பல்லில் காறை சுரண்டுகிற ஸ்டீல் கொக்கியாலேயே தளிரைச் சுரண்டி எடுத்தாள். அடுத்த தடவை இரண்டு கிளை. அதையும் சுரண்டினாள். பொங்கல் வியாபாரத்தின்போது அய்யாதுரை கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டு பட்டுப்புடவை விரித்துக் காட்டினார்.

"பல்லு கேட்டேன் டாக்டரம்மா, தோப்பு வச்சிட்டீங்களே!" என்றார் அவர்.

"முருங்கைய ஒடிச்சா தழையத்தான செய்யும்? கீரை வாங்குற வேலை மிச்சம்," என்றாள் கூட வந்த மனைவி புஷ்பம்.

நீரஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வைத்த முதல் திருகு அது. அது விழுந்தால் இன்னொருவர் அவளை நம்பித் தாடையைக் கொடுக்க மாட்டார். பயிற்சி தந்தவர்களுக்குப் போன் செய்தாள். "வைக்கிறதுல சந்தேகம்னா கேளுங்க மேடம். வச்சப்புறம் அது பேஷண்ட் பாடு," என்றார்கள். பழைய பேராசிரியரோ, பாடத்திட்டத்தில் திருகே இல்லை என்றார். அடையாறில் நடந்த பல் மருத்துவர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டாள், டீ வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் மூலையில் பதில் கிடந்தது. ஸ்டீல் பட்டால் டைட்டானியத்தில் கீறல் விழும். கீறலில் அழுக்குத் தங்கும். பிளாஸ்டிக் கொக்கியால்தான் சுத்தம் செய்ய வேண்டும். அத்தனை நாளும் அவளேதான் முருங்கைக்குப் பாத்தி கட்டியிருக்கிறாள்! "இதைச் சொல்ல அந்த மத்தியானம் போறாதா?" என்று பத்திரிகையை மேஜையில் அறைந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் தத்தம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிளாஸ்டிக் கொக்கி சிங்கப்பூரிலிருந்து வந்து சேர வருஷம் திரும்பிவிட்டது. அது பட்டதும் செடி வளர்வதை நிறுத்தியது. ஆனால் எக்ஸ்ரேயில் பார்த்தால், வேர் திருகைச் சுற்றி எலும்பைக் கவ்வியிருந்தது. பிடுங்கினால் பல்லும் கூடவே வரும்.

"கெடக்கட்டும், கல்லு மாதிரி நிக்குல்லா? நேத்து சீடையே கடிச்சேன்," என்றார் அய்யாதுரை.

1998-ல் நீரஜாவே, வைத்த பல்லைப் பராமரிப்பது பற்றி ஒரு வகுப்பு எடுத்தாள். திரையில் முருங்கையைக் காட்டினாள். ஹால் நிறைய டாக்டர்கள் பார்த்தார்கள். முதல் கேள்வி வந்தது: "மேடம், இந்தத் திருகை வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் திரையை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குத் திரும்பினாள். அங்கே அய்யாதுரை முறை தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தார். தண்டைச் சுற்றி, இலை நோகாமல், பிளாஸ்டிக் கொக்கியால் சுத்தம் செய்து அனுப்பினாள். இப்போதும் அப்படித்தான். தை மாதத்தில் மட்டும் அவர் வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொள்வார். அது பூக்கிற காலம்.