டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போன சந்தோஷம்

மின்னஞ்சல் வந்தபோது தங்கை பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முதல் வரியைப் படித்ததும் கால் தரையில் பாவவில்லை. அவள் ஆராய்ச்சிக்கு ஐந்து வருடத்துக்கான நிதி கிடைத்துவிட்டது. அறிவிப்பு வெளிவரும்வரை இதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றது அடுத்த வரி. அதற்குமேல் அவள் எங்கே படித்தாள்! இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பி நடந்தாள்.

மனம் காரணமே இல்லாமல் உச்சிக்கு ஏறி, அப்புறம் தடாலென்று கீழே விழுகிற நோய் ஒன்று உண்டு. அவள் ஆராய்வது அதைத்தான். கையில் கட்டிய பட்டை ஒருவரின் தூக்கத்தை அளந்து சொன்னால், அந்த ஏற்றம் வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவள் கேள்வி. அருமையான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நிதி என்று வந்தால் மட்டும், இன்னும் கொஞ்சம் அனுபவம் சேரட்டும் என்று கையை விரித்தார்கள். நிதி இல்லாமல் அனுபவம் எங்கிருந்து சேரும் என்று கேட்க ஆளில்லை. தற்காலிக வேலையும் முடியப் போகிற நேரத்தில்தான் இந்தச் செய்தி வந்தது.

அந்த நோயை அவள் முதலில் பார்த்தது புத்தகத்தில் அல்ல, அக்காவிடம். அக்கா இப்போது மாத்திரையும் நேரத்துக்குத் தூக்கமுமாக நன்றாக இருக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. அக்கா, அக்கா வீட்டுக்காரரான மாமா, தங்கை மூவருக்கும் ஒரே வீடு.

ரகசியம் தங்கையின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மழை வாடையே இல்லாத நாளில் மஞ்சள் குடை வாங்கிவந்தாள், மாமாவுக்கும் சேர்த்து. விடியற்காலையில் எழுந்து ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தாள். ஒரு பேச்சை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவினாள். குளியலறையில் பாடவும் செய்தாள், அதுவும் தாளத்தைக் காற்றில் விட்டுவிட்டு. மாமா தம் குடையை விரித்துப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அக்கா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா கார் சாவியை எடுத்து, கொஞ்சம் வெளியே போய்வரலாம் என்று தங்கையைக் கூப்பிட்டாள். தலையில் ‘பயிற்சி வண்டி’ என்று பலகை வைத்த கார் அது. சிக்னலில் நின்றதும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தூக்கம் குறைந்துவிட்டதா? தேவையில்லாததை வாங்குகிறாயா? மனசு எங்கெங்கோ பறக்கிறதா? எல்லாம் தங்கை நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அவளுடைய பதில் ஆமாம். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் நின்றது.

“ஒண்ணும் இல்லக்கா. காரணம் இருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“நானும் அப்ப இதையேதான் சொன்னேன்,” என்றாள் அக்கா.

கார் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாதான் தங்கைக்கு மேலதிகாரியும். நிதிக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர். அவருக்கும் அதே மின்னஞ்சல் வந்திருந்தது, அதே ரகசியமும்.

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதுதானே என்று குரல் உடையக் கேட்டாள். டாக்டரம்மா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். குடை வரைக்கும் தாக்குப்பிடித்தார். பாட்டு வந்ததும் கையிலிருந்த ஃபைலை உயர்த்தி முகத்தை மறைத்தார். தோள் குலுங்கியது. தங்கை அவரைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா எழுந்துவிட்டாள். “ரெண்டு பேருக்குமே சரியில்லையா?”

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மின்னஞ்சலை முழுசாகப் படித்தாயா என்று தங்கையைக் கேட்டார். தங்கை கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே இருந்தது: வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லலாம்.

“எனக்கு நிதி கெடச்சிருச்சுக்கா. அஞ்சு வருஷத்துக்கு.”

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். இத்தனை நாளும் இதைச் சொல்லாமல் தன் உயிரை எடுத்தாயே என்று தங்கையின் தோளில் ஒன்று வைத்தாள். அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சட்டென்று பயந்தவளாக நிமிர்ந்தாள்.

“டாக்டர், எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா?”

“அதான் காரணம் இருக்கே. தாராளமா வரலாம். ராத்திரி மட்டும் நேரத்துக்குத் தூங்கிடுங்க. ரெண்டு பேரும்தான்.”

அனுமதி கிடைத்ததும் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் தன் தங்கை யார் தெரியுமா என்று ஆரம்பித்தாள். தங்கை பாய்ந்து போய் வாயைப் பொத்தி லிஃப்டுக்குள் தள்ளினாள். உள்ளே முன்பின் தெரியாத இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கீழ்த்தளம் வருவதற்குள் அவர்கள் தங்கையின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.