மேற்கே உயர்ந்த தண்ணீர்

ஈச்சிலம்பற்றில் கமலாதேவியின் வீட்டில் வாளித் தண்ணீர் மேற்குப் பக்கம் நாலு விரல் உயர்ந்து நிற்கும். போர்க்காலத்தில் மகன் இராகுலன் கடைக்குப் போய்த் திரும்பாத கிழமையிலிருந்து அப்படித்தான். அவனைத் தேடி அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. செத்தவருக்குச் செய்கிற அந்திரட்டியைச் செய்து முடிக்கச் சொன்ன சொந்தக்காரரோடு பேச்சை விட்டாள். உயிரோடிருக்கிறவனுக்கு யார் அந்திரட்டி செய்வார்கள்? தண்ணீர் சரிந்து நிற்பதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமிருக்கவில்லை.

அண்மையில் தரை வெடித்தபோது மூதூரிலிருந்து மேசன் ஜவாஹிர் வந்தார். எல்லா மேசன்மாரையும் போல நீளக் குழாயில் தண்ணீர் விட்டு, இரு முனையிலும் அது நின்ற உயரத்தைச் சுவரில் குறித்து, அந்தக் கோட்டுக்குச் சீமெந்து பூசினார். முடித்த பிறகுதான் பார்த்தார்கள், மேற்குப் பக்கத் தரை யன்னலை எட்டிப் பிடிக்கிற மாதிரி ஏறிக் கிடந்தது. ஆனால் அதில் ஊற்றிய தண்ணீர் ஓடவில்லை, வைத்த தேசிக்காயும் உருளவில்லை.

"குழாய் பொய் சொல்லாதக்கா," என்றார் ஜவாஹிர். குழாயைச் சுருட்டிக்கொண்டே, "எங்கட வீட்டிலயும் தண்ணி சரிவுதான். தெற்குப் பக்கம் ஏறி நிக்கும். கூடப் பிறந்த றுமைஸ் காக்கா காணாமப் போனதிலிருந்து."

நில அளவைக்கு வந்திருந்த லக்சனாவிடம் கேட்டார்கள். பூமியின் இழுப்பு இங்கே குறைவு, அதனால் எங்கள் தீவைச் சுற்றிய கடலே நூறு மீற்றரளவு பள்ளத்தில் கிடக்கிறது, பாரம் கிடக்கிற பக்கம்தான் தண்ணீர் ஏறும் என்றாள் அவள். மேற்கே மலையும் இல்லை, இரும்பும் இல்லை என்றும் சொன்னாள். கமலாதேவி தன் மேற்கையும் ஜவாஹிரின் தெற்கையும் சேர்த்துப் பார்த்தாள்.

ஈச்சிலம்பற்றுக்கு மேற்கும் மூதூருக்குத் தெற்கும் சந்திக்கிற பற்றைக்காட்டுக்கு அவளும் ஜவாஹிரும் அரை வாளித் தண்ணீரோடு போனார்கள். இறக்கி வைத்ததும் தண்ணீர் அரிசி குவித்த மாதிரி நடுவில் எழும்பி நின்றது. கமலாதேவி வாளியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். அவள் அழுததை ஜவாஹிரால் பார்க்க முடியவில்லை.

"ஒராள் ரெண்டு பேற்ற பாரமில்ல தம்பி இது."

தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. லக்சனாவின் அளவுகளிலும் அந்த மேடு வந்தது. மேலிடத்துக்கு வரைபடம் அழகாக இருக்க வேண்டும், ஆகவே கருவிப் பிழை என்று மேட்டை வழித்துவிட்டு வெளியிட்டார்கள். கமலாதேவி அந்திரட்டி செய்தாள். மூதூர்ப் பள்ளிவாசலில் றுமைஸுக்கு, இறந்தவருக்குத் தொழுகிற ஜனாஸாத் தொழுகை நடந்தது. தரையை உடைத்து மறுபடி போட்டுத் தருகிறேன் என்று ஜவாஹிர் வந்தபோது அவள் விடவில்லை.

"கிடக்கட்டும். பிள்ளை கிடக்கிற பக்கம் உயரமா இருக்கட்டும்."

இப்போது அந்தப் பற்றைக்காட்டுப் பாதையால் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் குடத்தை வாய்வரை நிரப்புவதில்லை. நடுவில் எழும்பி வழிந்துவிடும்.