பிரிட்ஜ் பாடிய சரணம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவர் எங்கள் குடும்பத்தின் மூத்தவர். அறுபத்தொன்பது வயதில் தான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்பார். (அதையும் சேர்த்தால் இரண்டு.)

பெயரை எழுதப்போவதில்லை, குடும்ப மானம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் தலைமை எழுத்தராக முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்ததால், கீழே வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்கேல்’. அது போதும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் மாலை வெயில் தவழ்ந்து—’ அடித்துவிட்டேன். அந்த அறைக்கு வெயில் வராது. ஜன்னலை மருமகள் கம்பளிப் போர்வையால் மூடி வைத்திருக்கிறாள்.

2

மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். விடுமுறை நாட்களில், மதியம் தெரு அடங்கியதும், இஸ்திரி மேசைமேல் கீபோர்டைத் தூக்கி வைப்பாள். துணி அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டு, உள்ளே பார்த்துப் பாடுவாள். தொங்கும் சட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். எல்லாம் பழைய பாட்டுகள்தான். வயலின் கூட்டம், மேளம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு கீபோர்டு, ஒரு குரல். கைபேசியில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்புவாள்.

“இதுக்குப் பேரு கவர் பாட்டு மாமா.”

“அப்ப கவர்ல போட்டு ஒட்டி வீட்டுலயே வச்சுக்க. நம்ம குடும்பத்துல யாரும் ஊருக்கு முன்னாடி வாயைத் திறந்து பாடினதில்ல.”

“சரி மாமா.”

(இந்தச் ‘சரி’யை நம்பி இதுவரை இருபது பாட்டு வெளியே போயிருக்கிறது.)

ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்: “இந்த ஸ்கேல் எனக்கு ஒத்தே வரல. கொஞ்சம் எறக்கி வச்சாத்தான் சரிப்படும்.” அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மகன் வந்து விளக்க வேண்டியிருந்தது: ஸ்கேல் என்றால் பாட்டின் சுருதி, கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் விரல் பழகிய கட்டையிலேயே இருக்கும், சத்தம் மட்டும் வேறு இடத்திலிருந்து வரும்.

“அது ஏமாத்து வேலை” என்றார்.

3

பதினோராவது முறை பாடியதுதான் தேறியது. ஒரு பிசிறு இல்லை. ஆனால் இரண்டாம் சரணத்தில் அவள் குரலுக்கு அடியில் இன்னொரு சத்தம், ம்ம்ம் என்று.

“மாமா, நீங்களா?”

“பிரிட்ஜா இருக்கும்.”

“பிரிட்ஜ் மெட்டுக்குத் தகுந்த மாதிரி ஏறி எறங்குமா?”

“பழைய பிரிட்ஜ்.”

“நடுவுல மூச்சு வேற வாங்குது மாமா.”

பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், தன்னை அறியாமல் கூடவே முனகியிருக்கிறார்.

(இவ்வளவு விறைப்பான மனிதர் முனகுவாரா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம்தான். பதிவை நான்கு முறை கேட்டேன். முனகுகிறார். அழகாக.)*

* கடைசிச் சொல்லை அடிக்க மனம் வரவில்லை.

4

அழித்துவிடச் சொன்னார். “சரி மாமா” என்றாள். அதற்குள் அது அவருடைய தங்கைக்குப் போய்விட்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

“அண்ணா, உன் வீட்டு பிரிட்ஜை எனக்கு நல்லாத் தெரியும்.”

அவர் பிரிட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இருபது வயசுல என்னைக் கச்சேரிக் குழுவுல பாடக் கூப்பிட்டாங்க. குடும்ப மானம்னு வாசல்ல நின்னு மறிச்ச. இப்ப அந்த மானம் எவ்ளோ கரண்ட் இழுக்குது?”

அதற்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகுந்த கம்பீரத்துடன்—

இல்லை. இந்த இடத்தில் ‘அவர்’ என்று எழுதக் கூசுகிறது. முதல் பகுதியிலேயே அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டேன். விரல் ‘நான்’ மேல்தான் இருந்தது. ‘அவர்’ என்று சத்தம் வந்தது. ஸ்கேல் நான்தான். வாசலில் நின்று மறித்தவனும் நான்தான்.

“தப்புதான்மா” என்றேன். நாற்பத்தாறு வருடம் தொண்டையில் நின்ற சொல்.

தங்கை சிரித்தாள்.

“வாயை மூடிக்கிட்டு முனகினா செல்லாது. வாயைத் திறந்து, வார்த்தையோட பாடு. அது ஊருக்குப் போகட்டும். அப்புறம் மன்னிக்கறதைப் பத்தி யோசிக்கறேன்.”

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் பாடுகிறேன், தங்கை கேட்டு அழுகிறாள். பொய், அவள் அழுகிற ஆளில்லை, வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்வாள். இன்னொன்றில் நான் மறுத்துவிடுகிறேன், குடும்ப மானம் நிலைக்கிறது. ‘குடும்ப’ என்று எழுதியதும் அவளும் இந்தக் குடும்பம்தானே என்று தோன்றி, பேனா நின்றுவிட்

இப்போது அலமாரிக்கு எதிரே முக்காலியில் இருக்கிறேன். மடியில் நோட்டு. கைபேசி பதிந்துகொண்டிருக்கிறது. முதல் சரணம் மருமகளுக்கு, இரண்டாவது எனக்கு. முதுகு நேராகத்தான் இருக்கிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் தாளம் போடுகிறது. என் சட்டைகளைப் பார்த்துப் பாட வேண்டுமாம். அவை ஒன்றும் சொல்லாது என்கிறாள்.

பாட்டை நிறுத்திவிட்டாள்.

“மாமா, பேனா சத்தம் கேக்குது.”

“முடிவு எழுதிட்டு இருக்கேம்மா.”

“ஒண்ணு எழுதுங்க, இல்ல பாடுங்க. என்னால பன்னெண்டாவது தடவை முடியாது.”

மறுபடி முதலிலிருந்து. வாசகரே, மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து சத்தம் வராமல். அவள் கட்டையில் விரலை வைத்துவிட்