அம்பயரின் கை

அம்மா பேஸ்போல் பார்ப்பதில்லை, அம்பயரின் வலக்கையைத்தான் பார்ப்பாள். அந்தக் கை உயர்ந்தால் தம்பிக்கு நல்லது, உயராவிட்டால் கெட்டது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையை ஓட்டிவிட்டாள். எங்கள் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து தம்பி ஆடும் சென் கதரின்ஸ் மைதானம் வரைக்கும் கார் ஓட்டுவது நான். பின்சீற்றில் புட்டும் மீன்பொரியலும். பக்கத்துச் சீற்றில் அம்மா, ஏறியதிலிருந்து "கொஞ்சம் கெதியா விடு பிள்ளை" என்றபடி இருப்பாள்.

தம்பி மிதுனனை ரொறன்ரோ அணி எடுத்து, தன் கீழ்மட்டக் குழு ஒன்றில் பந்தெறிய விட்டிருந்தது. நன்றாக எறிந்தால் அடுத்த படி, அங்கும் எறிந்தால் அதற்கடுத்தது. உச்சியில்தான் ரொறன்ரோ. ஒவ்வொரு படிக்கும் பிள்ளை வீட்டுக்குக் கிட்ட வருகிறான் என்று அம்மா விளங்கிக்கொண்டாள். பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்ததும் அதற்குத்தான். நடுப்படிகளெல்லாம் அமெரிக்காவில் கிடக்கின்றன என்று நான் சொல்லாமலில்லை. அவளுக்கு வேண்டாத கதை அவள் காதில் ஏறாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் தொடங்குமுன் மிதுனன் வேலிக்கரைக்கு ஓடி வந்தான். ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் கால்களை மாற்றி மாற்றி வைத்தான்.

"கோச் சொன்னவர், அம்மா. இண்டைக்கு நல்லா எறிஞ்சா நாளைக்கே நெக்ஸ்ட் லெவல்."

"அப்ப இனி வீட்டில இருந்தே போய்வரலாம்." அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவன் என்னைப் பார்த்தான். நான் புட்டுப் பெட்டியைப் பார்த்தேன்.

"இல்லை அம்மா. மேரிலாண்ட். அமெரிக்கா."

"அங்க நான் வந்து பாக்கேலாதோ?"

பதில் அவளுக்கே தெரியும். எனக்கும் தம்பிக்கும் கனடாச் சிற்றிசன்சிப் கிடைத்துவிட்டது. பிந்தி வந்த அவளுடைய அகதி வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. எல்லையைக் கடந்தால் திரும்பி வர வழியில்லை.

"கேஸ் முடியட்டும், கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். எப்போது முடியும் என்று எங்கள் லோயருக்கே தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. வழக்கமாக அம்மா ஒவ்வொரு பந்துக்கும் "பிள்ளையாரே" என்பாள். அன்று வாயே திறக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மிதுனனோ பேய் பிடித்தவன் மாதிரி எறிந்தான். அம்பயரின் கை ஏறி ஏறி இறங்கியது. சுற்றியிருந்தவர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளை தோற்கட்டும் என்றா இருக்கிறாள்? பிறகு அதே நினைப்பு எனக்கும் ஒருதரம் வந்துபோனது. வெட்கமாக இருந்தது. எழும்பிப் போய்க் கோப்பி வாங்கினேன், குடிக்காமலே கொண்டுவந்து வைத்தேன்.

அவன் எறியவேண்டிய கடைசி ஆள் மட்டையோடு வந்தான். அவனுக்கும் இரண்டுதரம் கை உயர்ந்தாயிற்று. இன்னும் ஒருமுறை கை உயர்ந்தால் போதும். கடைசிப் பந்துக்கு முன் அம்மா இருக்கும் பக்கம் ஒருக்கால் பார்ப்பது மிதுனனின் பழக்கம். பார்த்தான், ஆனால் எறியவில்லை. தொப்பியைக் கழற்றினான், போட்டான். திரும்பவும் பார்த்தான்.

அம்மா எழும்பினாள். பெட்டி சரிந்து புட்டு முழுவதும் படியில் கொட்டியது.

"எறியனடா ராசா!"

மைதானத்தின் மறுகரை வரைக்கும் கேட்டிருக்கும். அவனுடைய கை பின்னால் போனது, பந்து புறப்பட்டது. அம்பயரின் கையை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையிலேயே முதல்தடவையாக அம்மா தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.