மணியில் சுற்றிய துணி

முக்காலி மேல் ஏறி நின்று, வாசல் மணியின் சுத்தியலில் இறுகிக் கிடந்த துணி முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள் ஆந்தை.

"என்னடி பண்றே அங்க?" என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள். கேட்டாள் என்பதைவிட ஊதினாள் என்று சொல்லலாம். இந்த வீட்டில் பகல்நேரப் பேச்செல்லாம் வெறும் காற்றுதான்.

"கழட்டறேன்."

"அப்பா தூங்கறாருடி!"

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. அப்பா தூங்கவில்லை. நேற்றிலிருந்து நினைவில்லை. காலையில் வந்த நர்ஸ், "இன்னிக்குப் பொழுது தாண்டறது கஷ்டம், வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மூன்று மணி நேரமாகிறது. இதற்கும் தூக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆந்தைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியின் தூக்கப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன். வருகிறவர்கள் தலையில் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவர்கள் மூளை திரையில் கிறுக்குவதை விடியவிடியப் பார்ப்பாள். "அடுத்தவன் தூங்கறதைப் பார்க்கச் சம்பளமா? கொடுத்துவச்சவ" என்று சொந்தக்காரர்கள் வாரிவிடுவார்கள். ஆந்தை என்று பெயர் வைத்தது அப்பா. அவருக்கு அந்த உரிமை உண்டு. அவரும் ராத்திரிக்காரர்தான்.

தினசரிப் பத்திரிகை அச்சகத்தில் முப்பது வருஷம் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு மை வாசனையோடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவார். அதற்குள் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் கொலைக்குற்றம். அம்மா கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினாள். மணியின் சுத்தியலில் துணியைச் சுற்றிக் கட்டினாள். அன்றிலிருந்து யார் பட்டனை அழுத்தினாலும் தலையணையில் குத்துகிற மாதிரி 'டொப் டொப்' என்றுதான் கேட்கும். தம்பியை லீவு நாளில் வெளியே துரத்திவிடுவாள். அவனுக்கு வீட்டில் பெயர் இடி. அவன் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பா வேலையிலிருந்து நின்று எட்டு வருஷமாகியும் பகலில் படுக்கிற பழக்கம் போகவில்லை, துணியும் போகவில்லை.

இப்போது இடி வந்துகொண்டிருக்கிறான், நாலு வயது மகளோடு. அம்மாவின் ஏற்பாடு என்னவென்றால், குழந்தை கீழ்வீட்டில் இருக்கட்டும், அவன் மட்டும் பூனை மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ஆந்தைக்கு அது ஆகவே ஆகாது. தன் ஜனங்களின் குரலைக் கேட்காமல் அப்பா போகக் கூடாது. அவளுக்கு இன்றைக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு அவர் செத்தபிறகு நேரம் கிடையாது.

கேட்கும் என்று அவள் நம்புவதற்குக் காரணம் இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில், பகல் தூக்கத்தைப் பதிவு செய்து பழக அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஒயர்களோடு படுத்த அப்பா பத்தாவது நிமிஷமே கண்மூடி, லேசாகக் குறட்டைகூட விட்டார். திரையோ முழு விழிப்பு என்றது.

"அப்பா, நடிக்காதீங்க" என்றாள் மைக்கில்.

"அட, கண்டுபிடிச்சிட்டியே! உங்கம்மாவே இதுவரைக்கும் கண்டுபிடிச்சதில்ல" என்று சிரித்தார்.

பிறகு நிஜமாகவே தூங்கினார். வெளியே டிராலி கடகடத்தது, யாரோ யாரையோ திட்டினார்கள், அவருடைய கோடுகள் சாதுவாக ஓடின. சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அடங்கியதும் புரண்டு முழித்துக்கொண்டார். சத்தம் திரும்பியதும் தூங்கினார். மூன்று தடவை இதே கதைதான். முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்ற மூளை அது. மிஷின் சத்தம் நின்றால் பேப்பர் அறுந்துவிட்டது என்று அர்த்தம், ஓடவேண்டும். கடைசியாக அவள் மைக்கில் மெதுவாக "அப்பா" என்றாள். கோடு குபீரென்று எழும்பி இறங்கியது. ஆனால் முழிக்கவில்லை. தூங்குகிற மூளை கதவைச் சாத்திவிடுவதில்லை, வருவது யார் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

எழுந்ததும் அப்பாவிடம் சொன்னாள். "உங்களுக்குச் சத்தம் இருந்தாத்தான்பா தூக்கமே. நம்ம வீட்டு அமைதிதான் உங்களை எழுப்பிவிடுது."

அப்பா நெற்றியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தார். "உங்கம்மாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டா. அதெல்லாம் வீண்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும்" என்றார்.

அவளும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது.

முடிச்சு அவிழ்ந்தது. மக்கிப்போன துணியைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள்.

"சொன்னா கேளுடி. அந்தக் குட்டி வந்தா ஆட்டம் போடும். அவருக்குத் தூக்கம் கெட்டா..." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கெட்டா என்னம்மா? அவரு இனிமே எந்த ஷிப்டுக்கும் போகவேண்டாம்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

ட்ர்ர்ர்ரிங் என்றது மணி. இத்தனை வருஷம் சேர்த்துவைத்த சத்தம் மொத்தத்தையும் ஒரே அடியில் கொட்டியது. அம்மா துள்ளிவிட்டாள். கதவைத் திறந்தால், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பி முகமெல்லாம் வெளுத்து நின்றான்.

"அக்கா, மணி அடிக்குது!" என்று கிசுகிசுத்தான்.

"அடிக்கத்தானேடா வச்சிருக்கு?"

குழந்தை இன்னும் நாலு தடவை அடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தது.

நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அப்பா ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தார். தம்பி அவர் பாதத்தைத் தொட்டுக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தான். "வாயைத் திறந்து பேசுடா" என்றாள் ஆந்தை. பழகாத வேலை, அவனால் முடியவில்லை. யாராலும் முடியவில்லை. அப்போதுதான் அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் தோளைப் பிடித்து, "என்னங்க!" என்றாள். "என்னங்க! பையன் வந்துட்டான்! இங்க பாருங்க, பேத்தி வந்திருக்கு!"

அம்மாவின் குரல் இவ்வளவு பெரியது என்று ஆந்தைக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அப்பாவின் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு நீளமாக ஒன்று இழுத்தார். டெக்னீஷியனாக அவள் அதைக் 'கேட்டது' என்று எந்த ரிப்போர்ட்டிலும் எழுதமாட்டாள். அழுகை மட்டும் வந்தது.

"தாத்தா கனவு காணறாரா அத்தை?"

மூடிய இமைகளைக் குனிந்து பார்த்தாள். கனவென்றால் உள்ளே கண்கள் உருளும். உருளவில்லை. "தெரியல கண்ணு. நீ பேசு, கேட்டுப்பாரு" என்றாள்.

குழந்தை பேசியது. தன் செருப்பைப் பற்றி, பஸ்ஸில் வாந்தியெடுத்த மாமாவைப் பற்றி. தம்பிக்கு வாய் திறந்தது. சின்ன வயதில் கட்டிலடியில் ஒளிந்திருந்து தும்மிவிட்டு, அப்பா எழுந்ததும் "நான் இல்ல, நாற்காலி" என்று சொன்ன கதையை எடுத்தான். இடி இடியாகவே சிரித்தான். அழுதான். அம்மாவும் சிரித்தாள். அச்சகம் மாதிரி ஆகிவிட்டது அறை.

அந்த இரைச்சலில் அம்மாதான் கையைத் தூக்கினாள். "இருங்க."

எல்லாரும் அடங்கினார்கள். அம்மா குனிந்து அப்பாவின் மூக்கருகே காதை வைத்தாள்.

"நின்னுடுச்சு" என்றாள்.

மணி இரண்டே முக்கால்.

அப்புறம் போன்கள். மாடிப்படியில் செருப்புகள். வண்டி ஆறு மணிக்கு வரும் என்றார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டு, அப்பாவின் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். ஆந்தை அருகில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு தடவை ஒயர் மாட்டினியே, அப்ப உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா அவரு?"

"என்னத்த?"

"சத்தம் அடங்கினாத்தான் அவரு முழிப்பாருன்னு."

ஆந்தை குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாமப் போகுமா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, உங்க ரெண்டு பேரையும் கிளப்பி, அவருக்கு ஆக்கிப் போட்டு... பகல்ல அந்த ஒரு மணி நேரம்தான்டி நான் கண்ணசரறது. எனக்குச் சின்னச் சத்தமும் ஆகாது. அவருக்காகன்னு சொன்னா நீங்க அடங்குவீங்க. எனக்காகன்னா யாரு அடங்குவா? சொல்லிச் சொல்லிப் பழகி, இன்னிக்கும் அதேதான் வாயில வந்துச்சு."

"அப்பாவுக்கு?"

"முழிச்சுக்கிட்டுத்தான் கிடப்பாரு. குறட்டை வேற விடுவாரு, பொய்க் குறட்டை. நான் எழுந்திரிக்கிறவரைக்கும் அசையமாட்டாரு, பாவம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். ஆந்தை அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மேலோட்டமாக, தட்டுத்தடுமாறி. பிறகு சீராக. கை தளர்ந்து பாயில் விழுந்தது. நேரம் போகப்போக, இமைகளுக்கு அடியில் கண்கள் மெல்ல உருள ஆரம்பித்தன.

ட்ர்ர்ர்ரிங் என்றது மணி. அம்மாவின் நெற்றி சுருங்கியது.

ஆந்தை எழுந்தாள். கூடத்தைத் தாண்டிப் போய், வந்தவர்களை உள்ளே விட்டாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பையிலிருந்த துணியை எடுத்து மணியின் சுத்தியலில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.