வலக்கரையில் ஒரு வீடு

ஆற்றுக்கும் இடது வலது உண்டு. தண்ணீர் போகும் திசையில், கடலைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை, மற்றது வலக்கரை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து நியாயம் மாறும் வியாபாரமல்ல இது. ஆனால் படகுக்காரர்களின் வழிகாட்டிப் புத்தகத்துக்காக இந்த ஆற்றின் வருணனையை முன்பு எழுதியவர் கடலிலிருந்து படகில் உள்ளே வந்தார். வந்த முகத்தோடே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று, புத்தகமும் அச்சாகிவிட்டது.

அந்தப் பிழையின் நிழலில் ஒருவர் சுகமாகக் குடியிருந்தார்.

ஆறு மேற்கிலிருந்து நேராகத்தான் வருகிறது. கடல் கண்ணுக்குத் தெரிந்ததும் எதிரே மணல்திட்டு மறிக்கிறது. சம்பந்தி வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போகக் கூச்சப்பட்டுத் தெருவிலேயே உலாத்துகிறவரைப் போல ஆறு வடக்கே திரும்பி, கடலை ஒட்டியே நடந்து, திட்டு முடிகிற இடத்தில் கலக்கிறது. அந்தத் திட்டுதான் வலக்கரை. அதில் இருந்தது ஒரே வீடு. மனைவி இறந்த பிறகு கயிற்றுக்கடையை மூடிவிட்ட கடைக்காரர் அதில் தனியாக இருந்தார்.

நகரும் மணலில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஆறுகளைக் கவனிக்கும் அலுவலகம் முடிவெடுத்தது. புத்தகத்தைப் பார்த்து, நோட்டீஸோடு இடக்கரைக்குப் போனார்கள். அங்கே முள்புதர்தான் இருந்தது. எதிர்க்கரையிலிருந்து கயிற்றுக்கடைக்காரர் கையசைத்தார். அவர்களும் மரியாதைக்கு அசைத்துவிட்டு, 'வீடு இல்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள்.

இந்த வருடம் ஒரு படகு புத்தகத்தை நம்பி வலக்கரையை ஒட்டி வந்து மணலில் மோதிக் கவிழ்ந்தது. இரண்டு பேர் பிழைத்ததே பெரிது. ஆற்றைத் திருப்பி எழுத ஆள் அனுப்பினார்கள். வந்தவள் கயிற்றுக்கடைக்காரரின் கூடப்பிறந்த தங்கை. ஆறுகளை அளப்பதுதான் அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், நகரத்தில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். அவருக்கு இன்னமும் பாப்பாதான்.

அவர் துடுப்புப் போட, அவள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தாள். அளந்து முடிந்த மாலை, மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். அவர் டீயோடு பேரத்தையும் கொண்டுவந்தார்.

"பாப்பா, ஆழம், அகலம், வளைவு எல்லாம் கரெக்டா போட்டுக்கோ. கரையை மட்டும் விட்டுடு."

"கரையை விட்டுட்டு எழுதினா அதுக்குப் பேரு ஆறு இல்லண்ணே, வெள்ளம்."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒரு கரையில மணல், இன்னொரு கரையில ஆழம்னு பொதுவா போடு."

"படகுக்காரன் பூவா தலையா போட்டுப் பாத்துட்டு உள்ள வரணுமாக்கும்?"

"கடைசி விலை சொல்றேன். நான் போய்ச் சேர்ற வரைக்கும் பொறு. அப்புறம் என்னத்தையோ எழுதிக்கோ."

அந்த விலைக்கு அவள் படிந்திருப்பாள். உலகத்தில் அவளை அதட்ட மிச்சமிருந்தது இந்த ஒரு குரல்தான். பேனாவை மூடினாள். பிறகு கேட்டாள்:

"அந்த ரெண்டு பேர் கத்தினது இங்க கேட்டிருக்குமேண்ணே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு. நான்தான் போய் இழுத்துட்டு வந்தேன். சின்னவன் கரைக்கு வந்த பிறகும் என் கையை விடல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதிடு."

"என்கூட வந்துடுண்ணே."

"உன் ரூம்ல நீ புரண்டு படுக்கணும்னாலே கதவைத் திறக்கணும். இதுல நான் வேறயா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு தீர்ந்ததும் கடல் பெரிதாகக் கேட்டது. அந்த ஜன்னலை ஆற்றுப் பக்கம் வைக்கச் சொன்னவள் அண்ணி. 'கடல் கத்திக்கிட்டே கிடக்கும், ஆறுதான் நாம பேசினா கேக்கும்' என்பாளாம். இப்போதெல்லாம் அவர் மட்டும் அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததை வாங்கி, சரக்கைச் சரிபார்ப்பவரைப் போல விரல் வைத்துப் படித்தார். 'வலக்கரை மணல்திட்டு. ஆழம் குறைவு. படகுகள் இடக்கரையை ஒட்டி வரவும். திட்டில் ஒரு வீடு, ஆளில்லை.' விரல் நின்றது.

"நான் என்ன, அலமாரியா?"

"புத்தகம் வர்றதுக்குள்ள காலி பண்ண வச்சிடுவாங்கண்ணே."

"அது அப்போ. இன்னைக்கு இருக்கேனா இல்லையா? உள்ளதை உள்ளபடி எழுதறவளாச்சே, எழுது."

'ஆளில்லை'யை அடித்துவிட்டு, 'ஒருவர் வசிக்கிறார்' என்று எழுதினாள்.

புத்தகம் வருவதற்குள் வீட்டைப் பிரித்துவிட்டார்கள். அவர் பழைய வியாபார நண்பர் ஒருவரின் கிடங்கில், கடலும் ஆறும் இல்லாத ஊரில் தங்கிக்கொண்டார். "இங்க தண்ணி குழாயில வருது, இடக்கரை வலக்கரை தகராறே இல்ல" என்று ஒரு தடவை போனில் சொன்னார். அப்புறம் போனும் குறைந்துவிட்டது.

படகுகள் இடக்கரையை ஒட்டிப் பத்திரமாக வருகின்றன. படகுக்காரர்கள் ஒரே ஒரு குறை எழுதி அனுப்பினார்கள்: திட்டில் வீடு இல்லை, திருத்தவும். அந்தத் தாள் அவள் மேசையில் ஈயக்குண்டுக்கு அடியில் கிடக்கிறது. திட்டு வளர வளர நீளத்தைத் திருத்துகிறாள், ஆழத்தைத் திருத்துகிறாள். அந்த வரியில் மட்டும் அவள் பேனா படுவதில்லை.

புதிதாகக் கடலிலிருந்து உள்ளே வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, இடக்கைப் பக்கம் திரும்பி, வெறும் மணலில் ஆளைத் தேடுகிறார்களாம்.