நாற்பத்திரண்டு தோல் பைகள்

திருகாணியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார் கப்பூர். கரித்தது. துப்பிவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். அதுவும் கரித்தது. சந்தேகத்துக்கே இடமில்லை, உப்பு.

சாதாரண நாளிலேயே சந்தேகத்தைத் தேடிப் போகிற மனுஷன் அவர். முட்டைக்காரி கொடுக்கிற முட்டையை வெயிலில் தூக்கிப் பார்ப்பார், பார்த்த முட்டையை வீட்டில் போய் இன்னொரு தடவை பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு உப்பே கிடைத்துவிட்டால் சும்மா இருப்பாரா?

திருகாணிகள் இருந்த உதிரிப் பெட்டி அவருடையது இல்லை, குதிரைக் குழுவுடையது. ஆகஸ்டில் கடற்கரைத் திடலில் நடக்கும் கந்தூரியில் ஊருக்கொரு குழு இறங்கும். பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையில் பாய்ந்து வரும். தலைவர் குரல் கொடுத்ததும் பதினைந்து நீளத் துப்பாக்கிகளும் வானத்தைப் பார்த்து வெடிக்க வேண்டும். ஆயிரம் பேர் காதுக்கும் அது ஒரே வெடியாகக் கேட்க வேண்டும். போன வருஷம் இவர்கள் குழுவில் ஒரு துப்பாக்கி பிந்தி வெடித்தது. கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. குழுத் தலைவர் ஹாஜி தாமி மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இந்த வருஷமும் பிந்தினால் குழுவையே கலைத்துவிடுவதாக ஹாஜி சொல்லியிருந்தார். துப்பாக்கிகள் எல்லாம் தாத்தா காலத்தவை. திடலிலேயே ஸ்பிரிங் உடையும், திருகாணி வழுக்கும். குழுவில் குதிரை ஓட்டுவதோடு, மாற்று உதிரிகளை வைத்துக் காப்பதும் ஒன்பது வருஷமாகக் கப்பூரின் பொறுப்பு. பெட்டிச் சாவி அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும்.

உதிரிகளை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்பு பெட்டிக்குள் பழைய கம்பளித் துணி இருந்தது. அதை எலி கடித்துப்போட்டதும், இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்த ஆட்டின் தோலைப் பதப்படுத்தி, மயிர்ப்பக்கம் உள்ளே வரும்படி சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தார். மொத்தம் நாற்பத்திரண்டு பைகள். ஒரு பைக்கு ஒரு வகை உதிரி, வெளியே மை எழுத்தில் பெயர். எல்லாவற்றுக்கும் தையல் மிஷின் எண்ணெய் தடவி உள்ளே போட்டார். மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்டினார். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலே வாரம். ஸ்பிரிங்குகளில் செந்துரு பூத்துவிட்டது. பைகள் தொட்டால் ஈரமாக இருந்தன. யாரோ உள்ளே உப்புத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருடைய தங்கை யாம்னாவின் புருஷன் ஹம்மாதி, உப்பளத்தில் வேலை பார்ப்பவன், இப்போது இந்தக் குழுவிலேயே குதிரை ஓட்டுபவன். அது மட்டுமா? கல்யாணத்துக்கு முன்னால் அவன் பக்கத்து ஊர்க் குழுவில் குதிரை ஓட்டியவன். போன வருஷம் பரிசைத் தட்டிக்கொண்டு போனதும் அந்தக் குழுதான். கப்பூர் சாவியைக் கழற்றுவது வாரத்தில் ஒரே நாள், வியாழக்கிழமை ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறையில், ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அங்கே எதிர்த் திண்டில் முதுகு தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யார்? ஹம்மாதி.

இன்னொன்றும் இருந்தது. மிச்சம் இருந்த தோலைக் கப்பூர் வாசல் ஓரம் தன் முக்காலி மேல் போட்டு உட்கார்ந்துகொள்வார். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த ஹம்மாதி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், இந்தத் தோலை நல்லா அலசினீங்களா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன வந்தது தோலைப் பற்றி? பெட்டிக்குள் தோல் இருப்பதை மோப்பம் பிடிக்கத்தானே கேட்டான்? கப்பூர் அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு திருகாணியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே ஹாஜி தாமியிடம் போனார்.

"நக்கிப் பாருங்க ஹாஜியாரே."

"எதுக்குப்பா நக்கணும்?"

"உப்பு. என் மாப்பிள்ளை வேலை."

ஹாஜி நக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "கப்பூரு, நீ உன் நிழல் மேலயே சந்தேகப்படுற ஆளு. யோசிச்சுத்தான் பேசுறியா?"

"பெட்டி ஈரமா இருக்கு. நான் ஊத்தலை. நீங்க ஊத்தலை. உப்பளத்துல கிடக்கிறவன் யாரு?"

அன்றைக்குச் சாயங்காலம் லாயத்தில் எல்லோர் முன்னாலும் விசாரணை நடந்தது. ஹம்மாதி குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"நான் உப்பளத்துல வேலை செய்றவன். என் செருப்புல உப்பு, சட்டையில உப்பு, உங்க தங்கச்சி தலைமுடியில கூட உப்பு. அதுக்காக நான் திருடனா மச்சான்?"

"திருடன்னு சொல்லலை. கெடுக்க வந்தவன்னு சொல்றேன்."

ஹம்மாதி வேறு எதுவும் பேசவில்லை. அதுவே கப்பூருக்குப் போதுமான சாட்சி ஆகிவிட்டது. குற்றம் இல்லாதவன் கத்தியிருப்பான் அல்லவா? ஹாஜி தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருஷம் நீ வர வேண்டாம்ப்பா," என்றார். ஹம்மாதி தேய்ப்பானைக் கீழே வைத்துவிட்டுப் போனான். பதினைந்து குதிரை பதினாலு ஆனது.

மறுநாள் யாம்னா வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணே, வருஷா வருஷம் உன் ஆட்டுத்தோலைக் கழுவிக் காயவச்சுக் கொடுத்தது யாரு? நான். இந்த வருஷம் 'இதுல என்ன வித்தை இருக்கு, நானே பார்த்துக்கறேன்'னு சொன்னே. சரின்னு விட்டேன். என் புருஷனையும் உன் இஷ்டத்துக்குப் பார்த்துக்கலாம்னு நினைச்சியா?"

"உனக்குப் புரியாது யாம்னா."

"புரியாமலே இருக்கட்டும். இனிமே என் வீட்டுத் தேநீர் உனக்குக் கிடையாது."

போய்விட்டாள். கப்பூருக்கு வலித்தது. வலித்தாலும், குழுவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி அந்த வலியை அமுக்கிவிட்டது.

நிம்மதி பத்து நாள்கூடத் தாங்கவில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, புது எண்ணெய் தடவி, அதே பைகளில் போட்டிருந்தார். பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்தார். குளியலறைக்குச் சாவியைக் கழுத்தோடு போட்டுக்கொண்டே போனார், பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் பெட்டியைத் திறந்தால் மறுபடி செந்துரு, மறுபடி ஈரம்.

இப்போது யாரைச் சந்தேகப்படுவது? பூட்டுக்காரனைச் சந்தேகப்பட்டார். ஸ்பிரிங் செய்து கொடுத்த கொல்லனைச் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட இரண்டு நாள் கண்காணித்தார். பாவம், அது பாட்டுக்கு வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

கந்தூரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து தெருவை மூடியது. கப்பூர் கோப்பையோடு முக்காலியில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் பின்பக்கம் சில்லென்றது. எழுந்து தடவிப் பார்த்தார். அங்கி நனைந்திருந்தது. மழை இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முக்காலி மேல் கிடந்த தோல்தான் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

விரலைத் தோலில் அழுத்தி நாக்கில் வைத்தார்.

கரித்தது.

அப்படியே நின்றார். பெருநாள் முடிந்த மறுநாள் அவர் கையாலேயே தோலில் அள்ளிக் கொட்டிய கல்லுப்பு நினைவுக்கு வந்தது. நாலு கை படிகாரம், ஒரு வாளி உப்பு. யாம்னா என்றால் மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவாள். அவர் ஒரு தடவை முக்கி எடுத்து வெயிலில் போட்டார். காய்ந்ததும் விறைப்பாக இருந்தது, அவருக்குத் திருப்தியாகவும் இருந்தது. உள்ளே நின்ற உப்பு பனிமூட்டம் வந்த போதெல்லாம் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து, மயிர்வழியே இரும்புக்குக் கொடுத்திருக்கிறது. நாற்பத்திரண்டு பைகளிலும், அவரே தைத்த பைகளில்.

'இந்தத் தோலை நல்லா அலசினீங்களா?' உப்போடு புழங்குகிறவன் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறான். முக்காலியைப் பற்றித்தான் கேட்டான். பெட்டியைப் பற்றி அவனுக்குத் தெரியவே தெரியாது. கப்பூருக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

ஹாஜி தாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீயே போய்க் கூப்பிடு. அவன் வரலைன்னா உன் இடமும் காலி. பதிமூணு குதிரையோட நான் பார்த்துக்கறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்தோரம் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார் கப்பூர். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஹம்மாதி வாசலில் நின்றபடியே கேட்டான், உட்காரச் சொல்லவில்லை.

"என் தப்பு மாப்ளே. உன் துப்பாக்கியை நான் துடைச்சு வச்சிருக்கேன். வா."

"குழுவுக்கு வர்றேன். ஹாஜியார் முகத்துக்காக. ஆனா அந்தச் சாவி என்கிட்ட இருக்கணும்."

ஒன்பது வருஷம். கப்பூர் கயிற்றைத் தலைவழியே கழற்றிக் கொடுத்தார். கழுத்து லேசாகிவிட்டது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஹம்மாதி பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தோலை முற்றத்தில் வீசினான். "எண்ணெய் உப்பை எடுக்காது மச்சான். நீங்க உப்பு மேலயே எண்ணெய் பூசியிருக்கீங்க. யாம்னா, தண்ணி கொதிக்க வை!"

கொதிக்கிற தண்ணீரில் உதிரிகளை அலசினான். அடுப்பு ஓரத்தில் சூடு ஏறக் காயவைத்தான். எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, மூடி போட்ட சின்னத் தகர டப்பாக்களில் பிரித்து வைத்தான். யாம்னா இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழப் போனார்.

"உட்காருங்க," என்றான் ஹம்மாதி. "எண்ணிப் பார்க்காம நான் வாங்கிக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா?"

மூடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தான். விசை ஸ்பிரிங் ஒன்பது. "சரியா?" "சரி." துப்பாக்கிச் சுத்தியல் நாலு. "சரியா?" "சரி." ஒவ்வொரு டப்பாவையும் கப்பூர் கண்ணெதிரே திறந்து காட்டி, அவர் வாயால் 'சரி' வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைத் தொட்டான். கப்பூர் கடைத்தெருவில் எத்தனை பேரை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்! எதிர்ப்பக்கம் உட்காருவது எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாது.

"பெரிய திருகாணி. சீட்டுல பதினஞ்சு. இங்க பதினாலுதான் இருக்கு."

கப்பூரின் கண் தன்னையறியாமல் ஹம்மாதியின் சட்டைக் கைக்குப் போனது. ஒரு நொடிதான். ஹம்மாதி அதைப் பார்த்துவிட்டான். இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டிவிட்டு நீட்டிக் காட்டினான்.

அப்போதுதான் கப்பூருக்கு ஞாபகம் வந்தது. சட்டைப்பையில் கையை விட்டார். ஹாஜியிடம் காட்டிய காகிதப் பொட்டலம் மடிப்புக் கலையாமல் இருந்தது. பிரித்துத் தட்டில் வைத்தார். திருகாணி முழுக்கச் சிவந்திருந்தது.

"இதுதான் சாட்சியா?" என்று கேட்டான் ஹம்மாதி.

"ஆமா."

அவன் அதை வெந்நீரில் போடவில்லை. எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். சீட்டுல பதினாலுன்னு உங்க கையால திருத்திடுங்க மச்சான்."

கப்பூர் பேனாவை வாங்கித் திருத்தினார்.